மலையில்லாத ஊரில் சரிவுக் கிளைடர்: கடலூர், புதுச்சேரிக் காற்றுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம், காலை ஒன்பது மணி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் ஏரிக்கரை. மேற்கிலிருந்து வரும் கச்சான் ஏரியைத் தாண்டி வந்து கரையில் மோதுகிறது. தோளில் போட்ட துண்டு நிற்கவில்லை. என் கையில் ஒரு மீட்டர் நீள நுரை இறக்கை, ரிமோட்டில் திருப்பும் கிளைடர், மோட்டார் இல்லாதது. காற்றைப் பார்த்துத் தள்ளிவிட்டேன். கரைக்கு மேலே மூன்று நான்கு ஆள் உயரத்தில் நாற்பது நிமிடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பறந்துகொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்துவிடுமே என்றுதான் இறக்கினேன். காற்று இன்னும் தூக்கத் தயாராகவே இருந்தது.

ஸ்லோப் சோரிங் (சரிவில் மோதி ஏறும் காற்றில் கிளைடர் பறக்கவிடுவது) என்றாலே ஊட்டி, ஏலகிரி என்று நினைத்துக்கொண்டு ஆசையை மூட்டை கட்டி வைத்த பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் கடற்கரைச் சமவெளியில் மலை இல்லை. ஆனால் ஏரிக்கரை இருக்கிறது, செம்மண் மேட்டின் விளிம்பு இருக்கிறது, கடலிலிருந்தும் நீர்ப்பரப்பிலிருந்தும் வழுவழுவென்று வரும் காற்று இருக்கிறது. கிளைடருக்கு உயரத்தைவிடக் காற்றின் சுத்தம் முக்கியம். மரமும் வீடும் கிளறிவிட்ட காற்று ஐம்பது மீட்டர் மலையில் அடித்தாலும் விமானம் குலுங்கும். நீரின் மேல் சில கிலோமீட்டர் ஓடி வந்த காற்று ஐந்து மீட்டர் கரையிலேயே அதைத் தாங்கும்.

காற்று தூக்குவது எப்படி

கிடையாக வரும் காற்று சரிவில் மோதினால் மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும். நொடிக்கு 6 மீட்டர் வேகக் காற்று 30 பாகைச் சரிவை ஒட்டி ஏறினால், அதன் மேல்நோக்கிய பங்கு தோராயமாக நொடிக்கு 3 மீட்டர். நுரை இறக்கை ஒன்று அசையாத காற்றில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கும். காற்று ஏறும் வேகம் விமானம் இறங்கும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும் வரை அது கீழே வராது. அவ்வளவுதான் கணக்கு.

தூக்கும் காற்று எல்லா இடத்திலும் இருக்காது. சரிவின் விளிம்புக்குச் சற்று முன்னாலும் மேலேயும் ஒரு பட்டை போல நீண்டிருக்கும். கரை தாழ்வாக இருந்தால் பட்டையும் மெல்லியது. ஐந்து மீட்டர் கரைக்கு மேல் இன்னொரு ஐந்து பத்து மீட்டர் கிடைத்தால் அதிகம். ஆகவே நம் ஊர் விமானம் சின்னதாக, லேசானதாக, சட்டென்று திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். விளிம்புக்குப் பின்னால், காற்று மறைவில், காற்று சுருண்டு கீழே விழும். அந்தச் சுழலை ரோட்டார் என்பார்கள். தொடக்கத்தில் விமானத்தை உடைப்பது பெரும்பாலும் இதுதான். கடைசியில் டைனமிக் சோரிங்குக்கு, அதாவது வேகமான காற்றுக்கும் அசையாத காற்றுக்கும் இடையே சுற்றி வேகம் சேர்ப்பதற்கு, வாய்ப்புத் தருவதும் இதே மறைவுப் பக்கம்தான்.

எந்த மாதம் எந்தக் கரை

இதில் நேரம் செலவழியுங்கள். விமானம் வாங்குவதற்கு முன்பே ஒரு மாதம் காற்றை மட்டும் பார்த்தாலும் வீண் இல்லை.

நம் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் ஏரிகளின் கரையைப் பெரும்பாலும் கிழக்குப் பக்கம் எழுப்பியிருக்கிறார்கள். வீராணம் ஏரியின் நீண்ட கரையும் அப்படித்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவத்தில் காலையில் வீசும் மேற்குக் காற்று, நீர்ப்பரப்பைக் கடந்து நேராக அந்தக் கரையில் ஏறும். தண்ணீர் தேக்கக் கட்டிய கரை நமக்குச் சரிவாகிவிடுகிறது. வீராணத்தில் கரைமேல் வண்டிகள் ஓடும் சாலை இருப்பதால் அங்கே நான் பறக்கவிடுவதில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த சிறிய ஏரிகளைத் தேடுங்கள். புதுச்சேரிப் பக்கம் உள்ள ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அந்தப் பக்கமே வேண்டாம். எந்த ஏரியானாலும் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும் மாதங்களில் விட்டுவிடுங்கள்.

மார்ச் முதல் மே வரை கடற்காற்றுதான் நம் சொத்து. நிலம் சூடேறியதும், முற்பகல் பதினொன்று முதல் ஒரு மணிக்குள் கடலிலிருந்து காற்று கிளம்பும். மெல்ல வலுத்து, தென்கிழக்கிலிருந்து பொழுது சாயும் வரை ஒரே சீராக வீசும். இதற்குக் கிழக்கு அல்லது தென்கிழக்கு பார்த்த சரிவு வேண்டும். கடலூரில் கேப்பர் மலை என்று பெயர் பெற்ற செம்மண் மேட்டின் கடல் பார்த்த விளிம்பு இதற்குத் தோதானது. புதுச்சேரிக்கு வடமேற்கே கோரிமேடு, ஆரோவில் பக்கம் உள்ள செம்மண் மேடும் ஏறக்குறைய இதே வகை. இரண்டும் கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்லும் பாறைப்படிவத்தின் மேல் அமைந்தவை. மழைநீர் அரித்த ஓடைகள் வெட்டிய இடங்களில் செங்குத்தான முகப்பு இருக்கும். பார்க்க அழகு, பறக்கவிட ஆபத்து. செங்குத்து விளிம்பு ரோட்டாரை விளிம்பிலிருந்தே தொடங்கிவிடும். சாய்வாக ஏறும், புல் முளைத்த சரிவாகப் பாருங்கள்.

ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று பிந்தும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கரையேறும். சில நாள் மாலையில் இடியோடு மழையும் கொண்டுவரும். இடி கேட்டதும் மூட்டை கட்டிவிடுங்கள். மேட்டு விளிம்பில் கார்பன் குச்சி பதித்த விமானத்தோடு நிற்பது சரியான இடம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் வாடை. மழை ஓய்ந்த பிறகு வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று குளிர்ச்சியாகவும் ஒரே சீராகவும் இருக்கும். எனக்குப் பிடித்த காற்று அதுதான்.

காற்றின் வேகத்தை அளக்கச் சின்ன காற்றுமானி கிடைக்கிறது. இல்லையென்றால் கண்ணே போதும். இலைகளும் சின்னக் கிளைகளும் ஓயாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். செம்மண் தூசியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28. சின்ன மரங்களே அசைந்தால் 29 முதல் 38. கற்றுக்கொள்ள நடு வகைதான் ஏற்றது. அதற்குக் கீழே தாழ்வான கரை தூக்காது, மேலே உங்கள் கை தாங்காது. அப்புறம் செம்பருந்தைப் பாருங்கள். சிறகடிக்காமல் கரையோரமாகவே அது போய்வந்தால் பட்டை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. ட்ரோன் விதிகள் 2021-ஐப் படித்துவிடுங்கள். ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தை மறந்துவிடுங்கள். கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது. அந்தச் சிறையின் பக்கம் போகவே கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் கேளுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவையுங்கள். வானத்தில் எதுவும் பறந்தால் இன்று எல்லோருக்கும் ட்ரோன் நினைவுதான் வரும். மோட்டாரும் கேமராவும் இல்லை என்று விமானத்தைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். புதுச்சேரி கடற்கரைச் சாலை, கடலூர் சில்வர் பீச் போன்ற கூட்டம் நிற்கும் இடங்களில் எந்த நேரத்திலும் பறக்கவிடாதீர்கள்.

முதல் விமானம்

இபிபி என்னும் வளையும் பிளாஸ்டிக் நுரையில் செய்த, வால் இல்லாத பறக்கும் இறக்கை. வேறு எதையும் முதலில் வாங்க வேண்டாம். பால்சா மரத்தில் செய்தது அழகாக இருக்கும், முதல் நாளே உடையும். தெர்மாகோல் நொறுங்கும். இபிபி வளைந்து பழைய நிலைக்கே திரும்பும். நீளம் 1 முதல் 1.2 மீட்டர். 25 சதுர டெசிமீட்டர் பரப்புள்ள இறக்கை, எல்லாம் சேர்த்து 450 கிராம் என்றால் சதுர டெசிமீட்டருக்கு 18 கிராம் வரும்; நம் தாழ்வான கரைக்கு நல்ல அளவு. காற்று வலுத்த நாளில் மூக்கில் வைக்காமல், சமநிலைப் புள்ளியிலேயே எடை சேர்க்க வேண்டும். கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும் ஈயக்குண்டு இதற்குப் பொருத்தமானது. இறக்கைக்குள் குழி வெட்டி வைத்து டேப் ஒட்டிவிடுவேன்.

இறக்கையில் கார்பன் குச்சியைப் பதித்து, நார் கலந்த டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். ரப்பர் பசை இபிபிக்கு ஒன்றும் செய்யாது, தெர்மாகோலைக் கரைத்துவிடும்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கீழ்ப்பக்கத்துக்கு அடர்ந்த நிறமும் மேல்பக்கத்துக்கு வெளிர் நிறமும் கொடுங்கள். மதிய வெயிலில் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியாமல் போவதுதான் புதியவர்களின் பெரிய சிக்கல்.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது, எலிவான் மிக்ஸிங் உள்ளது. எலிவான் என்பது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்; ஏற்ற இறக்கத்தையும் திருப்பத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்படி செய்வதுதான் மிக்ஸிங். நான்கு சேனல் போதும். எலிவானை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோ இரண்டு, உலோகப் பல் உள்ளதாக இருக்கட்டும், கரடுமுரடாக இறங்கினால் பிளாஸ்டிக் பல் உதிரும். நான்கு செல் NiMH (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு) பேட்டரி கொஞ்சம் கனம், ஆனால் மூக்கில் எப்படியும் எடை வைத்தாக வேண்டும் என்பதால் அந்தக் கனமே உதவும்.

சமநிலைப் புள்ளியைப் பொறுத்தவரை விமானத்தோடு வந்த வரைபடத்தில் உள்ள அளவை நம்புங்கள். அது இல்லாவிட்டால், பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளுக்குச் சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து 15 முதல் 20 விழுக்காட்டில் வைத்துத் தொடங்கலாம். மூக்குக் கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்த, அதாவது பின்பக்கம் கனத்த விமானம் ஒரே ஒரு முறை பறக்கும். சந்தேகம் வந்தால் மூக்கில் இன்னும் பத்து கிராம். எலிவான் இரண்டும் நடுநிலையில் 2, 3 மில்லிமீட்டர் மேலே தூக்கியிருக்கட்டும். ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாக இருக்க எக்ஸ்போ 30 விழுக்காடு வையுங்கள். சிக்னல் அறுந்தால் விமானம் மெல்லத் திரும்பி இறங்கும்படி ஃபெயில்சேஃப் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது காற்றோடு ஊருக்குள் போய்விடும்.

சரிவுக்குப் போவதற்கு முன் மணற்பாங்கான வெற்றுத் தரையில் லேசான காற்றில் கையால் எறிந்து பாருங்கள். நேராகச் சறுக்கிப் போய் உட்கார வேண்டும். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் ட்ரிம்மை, அதாவது எலிவானின் நடுநிலையை, கொஞ்சம் கீழே இறக்குங்கள். இந்த அரை மணி நேரத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கரையில் முதல் எறிதலிலேயே விமானத்தைத் தொலைக்கிறார்கள்.

கரையில் முதல் பத்து நிமிடம்

விளிம்பில் நின்று ஒரு பிடி காய்ந்த புல்லை விடுங்கள். அது மேலே ஏறி உங்கள் தலையைத் தாண்டினால் காற்று நேராக ஏறுகிறது. பக்கவாட்டில் ஓடினால் கரைக்குச் சாய்வாக வருகிறது; 30 பாகை வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் வேறு கரை பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் எறிவதற்கு முன் எலிவான் சரியான பக்கம் அசைகிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எலிவான் மேலே. ரிமோட் சிக்னல் தொலைவிலும் எட்டுகிறதா என்று ரேஞ்ச் சோதனையும் செய்யுங்கள். முதல் நாளில் ஒரு நண்பரை எறியச் சொல்லி, உங்கள் இரு விரலும் ஸ்டிக்கில் இருக்கட்டும்.

எறியும்போது இறக்கை மட்டமாக, மூக்கு அடிவானத்தை அல்லது அதற்கு ஒரு மயிரிழை கீழே பார்த்து இருக்க வேண்டும். ஈட்டி எறிவது போல நேராக, பலமாக. வானத்தை நோக்கி எறிந்தால் வேகம் செத்து, ஸ்டாலாகி (இறக்கை தூக்கும் திறனை இழந்து), காற்று அதைப் புரட்டி உங்கள் முதுகுக்குப் பின்னால் ரோட்டாரில் போட்டுவிடும். எறிந்ததும் எதுவும் செய்யாமல் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே போகவிடுங்கள். வேகம் பிடிக்கும். அப்புறம் மெல்ல ஒரு பக்கம் திருப்பிக் கரைக்கு இணையாக ஓடவிடுங்கள்.

இனி ஒரே விதி. முன்பக்கம் பறக்கும்வரை திரும்புவது எப்போதும் கரையை விட்டு வெளியே, காற்றை நோக்கி; இறக்கும்போது மட்டும் விலக்கு. கரையோரம் வலப்பக்கம் ஓடுகிறது, எல்லையை எட்டியது, வெளிப்பக்கமாகத் திரும்பி மறுபடி இடப்பக்கம். கிடையாகப் படுத்த எட்டு போல இதன் பாதை இருக்கும். கரையை நோக்கித் திருப்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளும், தரையைப் பார்த்தால் வேகம் பயங்கரமாகத் தெரியும். பயத்தில் கை தானாக ஸ்டிக்கை இழுக்கும். உண்மையில் காற்றோடு ஒப்பிட்டால் விமானத்துக்கு வேகமே இருக்காது, ஸ்டாலாகி விழும். தரைமேல் தெரியும் வேகமும் இறக்கை உணரும் வேகமும் வேறு வேறு என்பது உங்கள் விரலுக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கலை வந்துவிட்டது.

விமானம் தாழ்ந்துகொண்டே போனால் மூக்கைத் தூக்கிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மூக்கைக் கொஞ்சம் இறக்கி வேகம் சேர்த்து, கரைக்கு அருகே பட்டைக்குள் கொண்டுவாருங்கள்.

இரண்டாம் வாரத்தில், போதிய உயரம் எடுத்த பிறகு, ஒரு சோதனை. 30, 40 பாகையில் கீழே இறக்கிவிட்டு ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். விமானம் வேகமாக மூக்கைத் தூக்கினால் மூக்குக் கனம். ஐந்து ஐந்து கிராமாகக் குறைக்கலாம். இன்னும் செங்குத்தாகக் கவிழப் பார்த்தால் வால் கனம்; உடனே இறக்கி, எடை சேருங்கள். மெல்லத் தானாக மட்டத்துக்கு வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இறக்குவது

சமவெளியில் பறக்கவிட்டுப் பழகியவர்களும் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் விமானம் இறங்கவே மாட்டேன் என்னும். தாழ்வான கரையில் எனக்குச் சரிப்பட்ட வழி, முன் சரிவிலேயே இறக்குவது. கரையின் ஓரத்துக்கு, தூக்கும் காற்று குறைந்த இடத்துக்கு ஓட்டிப்போய், விளிம்புக்குக் கீழே இறங்கி, சரிவை நோக்கி மெல்லத் திருப்பி, கடைசி நொடியில் மூக்கைத் தூக்கிப் புல்லில் உட்காரவைக்க வேண்டும். ஏரியில் தண்ணீர் நிரம்பி இருந்தால் இதற்கு இடம் இருக்காது. அப்போது கரையின் மேலேயே, காற்றை எதிர்த்து, ஓட்டமான நடை வேகத்தில் கொண்டுவந்து இறக்குங்கள். கேப்பர் மலைப் பக்கம் விளிம்புக்குப் பின்னால் முந்திரிக்காடு. அதில் விழுந்த விமானத்தைத் தேட ஒரு மாலை முழுக்கப் போகும். சத்தமிடும் சின்ன பஸ்ஸர் ஒன்றை ரிசீவரில் மாட்டிவிடுங்கள், விலை கொஞ்சம்தான்.

டைனமிக் சோரிங்

இப்போது மறைவுப் பக்கத்துக்கு வருவோம். கரைக்கு மேலே வேகமான காற்று, பின்னால் ஏறக்குறைய அசையாத காற்று. இரண்டுக்கும் நடுவே மெல்லிய எல்லை. இந்த எல்லையை மீண்டும் மீண்டும் கடந்தே வேகம் சேர்க்கலாம். கடல்மேல் ஆல்பட்ராஸ் பறவை சிறகடிக்காமல் நாட்கணக்கில் பறப்பதற்கு இந்த வித்தை உதவுகிறது. காற்றடுக்குகளின் வேக வேறுபாட்டிலிருந்து பறவை ஆற்றல் பெற முடியும் என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு 1883-இலேயே விளக்கினார். ரிமோட் கிளைடரில் இதை 1990-களில் பரவலாக்கியவர் அமெரிக்கரான ஜோ வர்ட்ஸ்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேலே காற்று நொடிக்கு 10 மீட்டர், மறைவில் பூஜ்யம். விமானம் மறைவில் நொடிக்கு 20 மீட்டரில் போகிறது. காற்றை எதிர்த்து மேலே ஏறி எல்லையைக் கடந்ததும் இறக்கை உணரும் வேகம் 30. மேலேயே திரும்பிக் காற்றோடு போகிறது. திரும்பியதில் இழுவைக்கு 2 போனால் மிச்சம் 28. தரையோடு ஒப்பிட்டால் காற்றின் 10-ஐயும் சேர்த்து 38. அப்படியே மறைவுக்குள் இறங்கினால் அங்கே காற்று அசையவில்லை, ஆகவே இறக்கை உணரும் வேகமும் 38. ஒரு வட்டத்தில் 20 என்பது 38 ஆகிவிட்டது. வேகம் ஏற ஏற இழுவையும் ஏறும். ஒரு வட்டத்தில் கிடைக்கும் ஆற்றலும் இழக்கும் ஆற்றலும் சமமாகும் இடத்தில் வேகம் நின்றுவிடும். அமெரிக்கக் கடலியலாளர் பிலிப் ரிச்சர்ட்சன் போட்ட கணக்கின்படி, மிகச் சிறந்த கிளைடர்களுக்கு இந்த உச்சம் காற்று வேகத்தின் சுமார் பத்து மடங்கு.

2021-இல் கலிபோர்னியாவின் பார்க்கர் மலையில் ஸ்பென்சர் லிசன்பி மணிக்கு 882 கிலோமீட்டரைத் தொட்டார். நொடிக்கு 245 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் என்று சொல்லலாம். மோட்டார் இல்லாமல்! அந்த விமானங்கள் திடமான கார்பனில், மெல்லிய இறக்கையோடு, கனமாகச் செய்தவை. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் 50 மீட்டர் ஆர வட்டம் போட்டாலே இறக்கையில் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை விழும். 450 கிராம் நுரை அப்போது 9 கிலோ கனக்கும். நம் இறக்கை அந்த வேகத்தைத் தொடவே தொடாது, தொட வைக்க முயலவும் கூடாது. நம் ஊரில் பெரிய டைனமிக் சோரிங்குக்கு ஏற்ற, இரு பக்கமும் சரிந்த கூர்மையான முகடு இல்லை. கேப்பர் மலையின் பின்பக்கம் தட்டையான மேடு, மறைவே கிடைக்காது. செஞ்சிக் கோட்டை மலைகள் பாதுகாக்கப்பட்ட சின்னம், சுற்றுலாப் பயணிகள் ஏறுமிடம். அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஆனால் ஏரிக்கரை இருபுறமும் சரிந்த குட்டி முகடு. சின்ன அளவில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முன்பக்கம் குறைந்தது இருபது மணி நேரம் பறக்கவிட்ட பிறகு தொடங்குங்கள். காற்று மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர், கரைக்கு நேராக. பின்பக்க வயலில் ஒருவரும் இருக்கக் கூடாது. நடவு, களையெடுப்பு நாளில் வேண்டாம், அறுவடை முடிந்த தரிசில்தான். கூட ஒருவர் நின்று பின்பக்கத்தையும் கரையின் இரு முனைகளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது தலை காட்டினால் அவர் குரல் கொடுத்த நொடியே நீங்கள் முன்பக்கம் வந்துவிட வேண்டும்.

வட்டத்துக்குள் நிற்காதீர்கள். கரைமேல், வட்டத்தின் ஒரு பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். தலைக்கு மேல் ஒருபோதும் வரவிடாதீர்கள். முன்பக்கம் நல்ல உயரம் எடுத்து, காற்றோடு திரும்பி, முகட்டைத் தாண்டிப் பின்சரிவுக்கு இணையாகக் கீழே இறக்குங்கள். குலுக்கல் சட்டென்று அடங்கினால் எல்லையைக் கடந்துவிட்டீர்கள். உடனே மெல்ல இழுத்து, சாய்வான வட்டமாகத் திருப்பி, காற்றை எதிர்த்து முகட்டுக்கு மேலே வெளியே வாருங்கள். எல்லையைக் கடக்கும்போது விமானம் ஒரு தட்டுத் தட்டினாற்போல் மேலே தூக்கும். அந்தத் தட்டுதான் வேகம். முதல் நாள் ஒரே ஒரு வட்டம், பிறகு முன்பக்கம். இரண்டு வட்டம் தொடர்ந்து சீராக வந்தால்தான் மூன்றாவது. கையை முரட்டுத்தனமாக இழுக்க இழுக்க இழுவை கூடி வேகம் போகும். ஒரே சாய்வில், ஒரே ஆரத்தில் சுற்றப் பழகுங்கள். தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் கீழே போகவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இறக்கி, கார்பன் குச்சி, எலிவான் கீல், சர்வோ ஒட்டிய இடம் மூன்றையும் கையால் வளைத்துப் பாருங்கள். விரிசல் சத்தம் கேட்டால் அன்று முன்பக்கம் கூட வேண்டாம். கடற்கரைப் பக்கம் பறக்கவிட்ட நாளில், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, சர்வோவில் மணல் புகுந்திருந்தால் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பயன்படுத்தினால் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள்.

கரையில் நிற்கும்போது கிழக்கே கடல் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். பிற்பகலில் கச்சான் மெல்ல இளகி, புல் நிமிர்ந்து, இரண்டு நிமிடம் எல்லாமே நின்றுபோனது போலத் தோன்றும். கடற்காற்று உள்ளே வருகிறது. பின்பக்கம் விமானம் இருந்தால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள். அதன் பிறகு மறைவுப் பக்கமே காற்றுப் பக்கமாகிவிடும். கொஞ்சம் டீ குடித்துவிட்டு விமானத்தை வண்டியில் வைத்துக்கொண்டு கேப்பர் மலையின் கிழக்கு விளிம்புக்குக் கிளம்பலாம். பொழுது சாய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்.